டால்ஸ்டனில் ஒரு மாலை: ராகமும் இல்லை, தாளமும் இல்லை, எதைக் கேட்பது?

கேள்வி: என் மகள் லண்டனில் படிக்கிறாள். அடுத்த மாதம் அவளைப் பார்க்கப் போகிறேன். டால்ஸ்டன் என்ற பகுதியில் கஃபே ஓட்டோ என்ற இடத்தில் நடக்கும் ‘ஃப்ரீ இம்ப்ரவைசேஷன்’ (முன்கூட்டித் திட்டமிடாமல் அந்தக் கணத்தில் உருவாக்கும் இசை) கச்சேரிக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். யூட்யூபில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். சமையலறையில் பாத்திரம் உருள்வதுபோல் இருக்கிறது. டிசம்பர் கச்சேரிகளுக்குப் போகிற பழக்கம் உண்டு, ராகம் ஓரளவு பிடிபடும். அங்கே போய் நான் எதைக் கேட்பது? உண்மையில் இது இசைதானா?

பதில்:

பாத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் காதில் விழுந்தது அநேகமாகச் சரிதான். டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு பித்தளைக் கிண்ணத்தைத் தோலின் மேல் வைத்து உருட்டியிருப்பார், அல்லது சிம்பல் என்ற உலோகத் தட்டின் விளிம்பில் வயலின் வில்லை வைத்து இழுத்திருப்பார். செல்போனில் வந்து சேர்வது கிண்ணத்தின் சத்தம் மட்டும். நேரில் இருந்தால் வேறு சிலவும் தெரிந்திருக்கும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கிண்ணம் உருளத் தொடங்கியதும் டபுள் பாஸ் என்ற ஆளுயர வயலினை வாசித்தவர் வில்லைத் தூக்கிவிட்டார். அதனால் அந்தச் சின்ன ஓசைக்கு அறையில் ஓர் இடம் கிடைத்தது. மூன்றாமவருக்கு அந்த இடத்தில் புகுந்துவிட எல்லா வாய்ப்பும் இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நீங்கள் அங்கே கேட்க வேண்டியது இதைத்தான்: முன்னால் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்பதை. வெளியே வரும் ஓசையெல்லாம் அந்தக் கேட்டலின் விளைவு. பத்து வருஷத்துக்கு மேலாகக் கிழக்கு லண்டனில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று இரவாவது இந்தக் கச்சேரிகளில் கழியும். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கச் சொன்னால் இவ்வளவுதான் சொல்வேன். ஆனால் சுருக்கிச் சொன்னால் உங்களுக்கு உதவாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். கஃபே ஓட்டோ 2008 ஏப்ரலில் திறந்தது; ஹாமிஷ் டன்பார், கெய்கோ யமாமோட்டோ என்ற இருவர் தொடங்கியது. ‘ஓட்டோ’ என்றால் ஜப்பானிய மொழியில் ஓசை. பகலில் அது காபிக் கடை, ராத்திரியில் கச்சேரிக் கூடம். டால்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். உயரமான மேடை கிடையாது. வாசிப்பவர்கள் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே தரையில்தான் நிற்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் சாக்ஸபோனின் சாவிகள் மூடித் திறக்கும் ‘டக் டக்’கூடக் கேட்கும். அதுவும் இசையில் சேர்த்திதான்.

சபாக் கச்சேரிபோல் வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் ஒழுங்கை எதிர்பார்க்காதீர்கள். ஒரு மாலையில் பெரும்பாலும் இரண்டு மூன்று ‘செட்’ இருக்கும். ஒவ்வொன்றும் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை போகும். நடுவில் இடைவேளை. ஒரு செட்டுக்குள் பாட்டு மாறாது, கைதட்டலுக்கு இடம் வராது; ஒரே மூச்சாக ஓடி நிற்கும். என்ன வாசிக்கப் போகிறோம் என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. அன்று சேர்ந்து வாசிப்பவர்களில் இருவர் அதற்கு முன் சேர்ந்து வாசித்தே இருக்காமலும் போகலாம்.

எனக்கு இது பிடிபட்ட இரவைச் சொல்கிறேன். ஒரு பப்பின் மாடி அறை, இருபது பேர்கூட இருக்க மாட்டோம். வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), டபுள் பாஸ், டிரம்ஸ் என்று மூவர். முதல் கால் மணி நேரம் எனக்கு ஒன்றுமே ஒட்டவில்லை. எங்கேயாவது ஸட்ஜம் கிடைக்குமா என்று தேடிக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. மெல்ல மெல்ல மூவரும் ஒடுங்கிக்கொண்டே வந்தார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தோலைத் தடவினார். வயோலா ஒற்றை நாதத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. அது அப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில் அறை மூலையில் இருந்த பெரிய குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் ‘டுக்’ என்று நின்றது. அதே கணத்தில் மூவரும் நின்றார்கள். அப்படியொரு அமைதியை அதற்கு முன் நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. அரை நிமிஷம் யாரும் கை தட்டவில்லை.

பிறகு பாஸ் வாசித்தவரிடம் போய்க் கேட்டேன். கடைசிப் பத்து நிமிஷமும் அந்த மோட்டாரின் ரீங்காரத்தோடு சேர்ந்துதான் வாசித்துக்கொண்டிருந்தோம் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மோட்டார்தான் அன்று தம்புரா! மூவரும் அதற்குச் சுருதி சேர்த்து வாசித்திருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்த என் காதில் அது விழவே இல்லை. தம்புரா நின்றதும் கச்சேரி முடிந்தது. அதில் அவ்வளவு நியாயம் இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு நான் ஸட்ஜம் தேடுவதை விட்டுவிட்டேன்.

இந்தப் பழக்கத்துக்கு லண்டனில் ஒரு பிறந்த இடம் உண்டு. மத்திய லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் என்ற தெருவை ஒட்டிய ஒரு முடுக்கில், பல படிகள் ஏறிப் போக வேண்டிய லிட்டில் தியேட்டர் கிளப் என்ற சின்ன அரங்கு இருந்தது. 1966 ஜனவரியில் ஜான் ஸ்டீவன்ஸ் என்ற டிரம்ஸ்காரர் அங்கே வாசிக்கத் தொடங்கினார். பிரிட்டிஷ் விமானப்படையின் இசைப் பள்ளியில் பயின்றவர். அங்கே பழக்கமான டிரெவர் வாட்ஸ், பால் ரதர்ஃபோர்டு இருவரையும் சேர்த்துக்கொண்டு ‘ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்சாம்பிள்’ என்ற குழுவை அமைத்தார். பார்க்க வந்தவர்களைவிட வாசித்தவர்கள் அதிகமாக இருந்த இரவுகள் உண்டு. ஆனால் பின்னால் இந்த இசையில் பெரிய பெயர்களாக ஆன பலரும் அந்தப் படிகளை ஏறியவர்கள்தான். கிதார் வாசித்த டெரிக் பெய்லி, சாக்ஸபோன் வாசித்த எவன் பார்க்கர், ட்ரம்பெட் வாசித்த கென்னி வீலர், பாஸ் வாசித்த டேவ் ஹாலண்ட் ஆகியோர் ஸ்டீவன்ஸோடு சேர்ந்து செய்த பதிவு 1968-இல் வெளிவந்தது.

ஸ்டீவன்ஸ் வைத்திருந்த விதிகளை எவன் பார்க்கர் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். சாரம் இரண்டே இரண்டு. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உன் காதில் விழவில்லை என்றால் நீ அளவுக்கு மீறிச் சத்தமாக வாசிக்கிறாய். நீ வாசிப்பதற்கும் மற்றவர்கள் வாசிப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்றால் குழுவில் நீ எதற்கு? ஸ்டீவன்ஸ் மற்றவர்கள் குரல் மறையக்கூடாது என்பதற்காகவே மிகச் சிறிய டிரம்ஸ் தொகுதியில் வாசித்தவர். இசையே அறியாதவர்களுக்கும் அவர் பயிற்சிகள் வைத்திருந்தார். ஒன்றில், ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த மிகக் குறுகிய ஓசையை மட்டும் எழுப்ப வேண்டும். இன்னொன்றில், ஒரு மூச்சு தாங்கும்வரை ஒரே நாதத்தைப் பிடிக்க வேண்டும். கேட்க எளிது. பத்துப் பேர் சேர்ந்து செய்து பாருங்கள், ஐந்தாவது நிமிஷத்தில் அந்த அறையே ஒரு மழைக்காலக் குளம் மாதிரி ஆகிவிடும். தவளைகள் முறை வைத்தா கத்துகின்றன? ஆனாலும் அதில் ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது அல்லவா, அதுபோல.

அதே காலத்தில், 1965-இல், ஏஎம்எம் என்ற குழுவும் லண்டனில் உருவானது. அதன் கிதார்க்காரர் கீத் ரோ கிதாரை மார்போடு அணைத்து வாசிப்பதை நிறுத்திவிட்டு மேசைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார். ஓவியம் படித்தவர் அவர். கிதாரை ஓர் ஓவியத் துணியைப் போலக் கிடத்தி அதன்மேல் பொருள்களை வைத்து ஓசை எடுத்தார். அந்தக் குழுவின் தாளக்காரர் எடி பிரேவோ 1999 நவம்பரில் லண்டனில் ஒரு வாராந்தரப் பட்டறையைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே யாரும் போய் வாசிக்கலாம், தகுதி கேட்பதில்லை. நீங்கள் டால்ஸ்டனில் கேட்கப்போகும் இளையவர்களில் பலர் அந்தப் பட்டறையில் உட்கார்ந்து எழுந்தவர்களாக இருப்பார்கள். நம் ஊரில் ஒருவர் யாரிடம் கற்றார் என்று கேட்பதுபோல இங்கே அந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறாரா என்று கேட்பதுண்டு.

இந்த இசையை இங்கிலாந்துக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இதன் வேர் கறுப்பு அமெரிக்காவில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மாலையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்தபோது ஊர் இரண்டுபட்டது. அதுவரை ஜாஸ்காரர்கள் ஒரு பாட்டின் ‘கார்டு’ (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையைச் சுற்றிச் சுற்றி வந்து அதன்மேல் கற்பனை செய்தார்கள். கோல்மன் அந்த வரிசையை எடுத்துவிட்டார். 1960 டிசம்பர் 21 அன்று இரண்டு நால்வர் குழுக்களை, ஒன்றை இடது ஒலிபெருக்கிக்கும் மற்றதை வலதுக்கும் ஒதுக்கி, 37 நிமிஷம் ஒரே ஓட்டமாக வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற பெயர் அந்த இசைத்தட்டிலிருந்துதான் ஊரெங்கும் பரவியது. அந்நாளில் அவர் வாசித்தது வெள்ளை பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் சாக்ஸபோன். பித்தளைக் கருவி வாங்கப் பணமில்லாமல் லாஸ் ஏஞ்சலஸில் வாங்கியது. அந்தக் கிராஃப்டன் லண்டனில் தயாரானது என்பதை அறிந்தபோது எனக்கு ஏனோ மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

லண்டனிலேயே ஜோ ஹாரியட் இருந்தார். ஜமைக்காவில் பிறந்து இங்கே வந்த சாக்ஸபோன்காரர். காசநோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில் யோசித்து, கோல்மனின் வழியைப் பின்பற்றாமல் தனக்கென ஒரு கட்டற்ற இசையை உருவாக்கி 1960-இல் பதிவு செய்தார். 1973-இல் இறந்தார். அவருக்குரிய மரியாதை உயிரோடு இருந்தபோது முழுசாகக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். தென் ஆப்பிரிக்காவிலிருந்து ப்ளூ நோட்ஸ் குழு வந்தது. வெள்ளையரான கிறிஸ் மக்ரெகர் பியானோவில். டூடு புக்வானா, மொங்கேசி ஃபேசா, ஜானி டயானி, லூயிஸ் மொஹோலோ முதலிய கறுப்பர்கள் உடன். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் நிற்க நிறவெறிச் சட்டம் இடம் கொடுக்காத நாடு. 1964-இல் பிரான்ஸில் ஒரு ஜாஸ் விழாவுக்குக் கிளம்பியவர்கள் திரும்பிப் போகவில்லை. அடுத்த வருஷம் லண்டனுக்கு வந்தார்கள். ஸ்டீவன்ஸின் நுணுக்கமான, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய இசையோடு இவர்கள் கொண்டுவந்த ஆட்டமும் அழுகையும் கலந்தன. அந்தக் கலப்பைப் பழைய பதிவுகளில் கேட்டால் இன்றும் நெஞ்சு நிறையும்.

டிக்கெட் ‘ஃப்ரீ இம்ப்ரவைசேஷன்’ கச்சேரிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆனாலும் அது இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்வது என்று மகளிடம் கேளுங்கள். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்றால் பெரும்பாலும் ஊது கருவிகளின் கதறலும் டிரம்ஸின் ஓட்டமும் இருக்கும், உடம்பில் இறங்கும். ஜெர்மனியின் சாக்ஸபோன்காரர் பீட்டர் ப்ரோட்ஸ்மன் 1968-இல் எட்டுப் பேரோடு செய்த பதிவு இந்த வகைக்கு எல்லை மாதிரி, முதல் நொடியிலேயே சாக்ஸபோன்கள் இயந்திரத் துப்பாக்கிபோல் வெடிக்கும். ‘ஃப்ரீ இம்ப்ரவைசேஷன்’ என்றால் பெரும்பாலும் சன்னமானது. தாளத்தின் துடிப்புக்கூட இருக்காது. கோடு போட்டுப் பிரிக்க முடியாது, ஒரே ஆள் இரண்டையும் செய்வார். ப்ரோட்ஸ்மன் கடைசியாகக் கச்சேரி செய்தது கஃபே ஓட்டோவில்தான், 2023 பிப்ரவரியில், 81 வயதில். நுரையீரல் பழுதான நிலையிலும் வந்து வாசித்தார். அந்த ஜூன் மாதம் காலமானார். அந்த இரவுகளுக்கு நான் போகவில்லை; பதிவைத்தான் கேட்டேன். அந்தப் பழைய வெடிப்புக்கு நடுவே, மூச்சுக்குத் திண்டாடும் ஒரு கிழவரின் மெல்லிய பாட்டும் அதில் கேட்கிறது.

இனி உங்களுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். டெரிக் பெய்லி ஷெஃபீல்டில் 1930-இல் பிறந்தவர். நடனக்கூடங்களிலும் ஸ்டூடியோக்களிலும் கூலிக்குக் கிதார் வாசித்துப் பிழைத்தவர். பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த இசைக்கே வந்தார். அவர் இம்ப்ரவைசேஷனைப் பற்றி 1980-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜாஸுக்குப் போவதற்கு வெகு முன்பே, தொடக்க அத்தியாயங்களிலேயே, அவர் பேசுவது இந்திய இசையைப் பற்றி. கற்பனையை மையத்தில் வைத்துப் பேணிய மரபு எது என்று பார்த்தால் முதலில் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தன் இசை அதிலிருந்து எங்கே பிரிகிறது என்பதையும் தெளிவாகச் சொன்னார். ராகத்தில் செய்யும் கற்பனை ஒரு மொழிக்குள் பேசுவது. தான் செய்ய முயல்வது எந்த ஒரு மொழிக்கும் கட்டுப்படாத பேச்சு என்றார்.

அதனால் உங்கள் டிசம்பர் காது வீண் போகாது, ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். கல்பனா ஸ்வரத்தில் பாடகர் ஒரு சுற்று பாடியதும் வயலின்காரர் அதைத் திருப்பி வாசித்து, அப்புறம் தன்னுடையதைச் சேர்ப்பார். நாம் அதில் ‘ஆஹா’ போடுவது, கேட்டதை அப்படியே பிடித்துவிட்டாரே என்பதற்காக. இங்கே அப்படித் திருப்பி வாசிப்பதை எளிய வழி என்று நினைக்கிறார்கள். ஒருவர் கிறீச்சிட்டால் அடுத்தவரும் கிறீச்சிடுவது, ஒருவர் ஏறினால் எல்லோரும் ஏறுவது, இதெல்லாம் கேட்டதற்கு அடையாளம்தான், ஆனால் யோசித்ததற்கு அடையாளம் அல்ல. இன்னும் பல பதில்கள் உண்டு. எதிர்த்து நிற்கலாம். கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போய், மற்றவரின் ஓசைக்குப் பின்னணி ஆகலாம். சும்மா இருக்கலாம். இருப்பதிலேயே கஷ்டமானது சும்மா இருப்பதுதான். நாலு பேர் வாசிக்கும் செட்டில் யார் எவ்வளவு நேரம் வாசிக்காமல் இருக்கிறார்கள் என்று கவனியுங்கள்; அவர்தான் அன்றைய கச்சேரியை நடத்துகிறவராக இருக்கக்கூடும்.

இன்னொன்று முடிவு. நம்மிடம் கோர்வை இருக்கிறது, மூன்று தரம் வாசித்துச் சமத்தில் வந்து விழுந்தால் முடிந்தது. இவர்களுக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. ஆனாலும் நல்ல இரவுகளில் நான்கு பேரும் ஒரே கணத்தில் நிறுத்துகிறார்கள். கண்ணால் சைகை காட்டுவதில்லை. சிலர் கண்ணை மூடியே வாசிப்பார்கள். முடிவு வருகிற வாசனை அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். சில சமயம் முடிவு வந்த பிறகும் ஒருவர் அதைத் தவறவிட்டு வாசித்துக்கொண்டே போவார், அப்போது உங்களுக்கே ‘அடடா’ என்று தோன்றும். அப்படித் தோன்றினால் நீங்கள் இசையைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வேறு பாடம் தேவையில்லை.

பயிற்சியே இல்லாதவன்கூட இதைச் செய்துவிடலாமே என்ற சந்தேகம் எழுவது நியாயம். எவன் பார்க்கர் சொப்ரானோ சாக்ஸபோனில் தனியாக வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் அந்தச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும். கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுப்பது நம் மகுடிக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். பார்க்கர் அதோடு நாக்கை இரட்டை வேகத்தில் அடித்து, வழக்கமில்லாத விரல் பிடிப்புகளால் ஒரே குழலில் இரண்டு மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் பேச வைக்கிறார். நிறுத்தமில்லாமல் பதினைந்து இருபது நிமிஷம். மேலே ஒரு கூட்டம் பறவை, நடுவில் ஒரு ரீங்காரம், கீழே ஒரு முனகல், எல்லாம் ஒற்றை ஆளிடமிருந்து. தன் முதல் தனி இசைத்தட்டுக்கு அவர் வாசித்தது 1975-இல். அன்றிலிருந்து அதே கேள்வியைக் குடைந்துகொண்டே இருக்கிறார். ராகத்தை ஒருவர் ஐம்பது வருஷம் உழைத்துத் தனதாக்கிக்கொள்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெய்லியின் கடைசிக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதான பிறகு அவர் வலது கை மரத்துப்போய், கிதாரை மீட்டும் பிளெக்ட்ரத்தைப் பிடிக்க முடியாமல் ஆனது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலால் வாசிக்கப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அந்தக் கற்றலையே வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பதிவு செய்து 2005-இல் இசைத்தட்டாக வெளியிட்டார். அந்த டிசம்பர் 25 அன்று இறந்தார். முன்னே வாசித்த வேகம் அதில் இல்லை. ஒவ்வொரு சுரமும் இடம் தேடி வந்து உட்காருகிறது. இந்த இசையில் எதையாவது வீட்டில் கேட்டுவிட்டு வர விரும்பினால் அதைக் கேளுங்கள், யூட்யூபில் கிடைக்கும் கைப்பேசிப் பதிவுகள் வேண்டாம்.

நம் பக்கத்தவர் யாராவது இதில் உண்டா என்று தோன்றலாம். பியானோ வாசிக்கும் விஜய் அய்யர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். யேலில் இயற்பியல் படித்தவர், 2014 முதல் ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். சிகாகோவில் 1965-இல் கறுப்பு இசைஞர்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்த ஏஏசிஎம் சங்கத்தின் வழியில் வந்த ட்ரம்பெட்காரர் வாடாடா லியோ ஸ்மித்தோடு அவர் 2016-இல் வெளியிட்ட இசைத்தட்டு, இந்திய ஓவியர் நஸ்ரின் முகமதிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இரண்டே பேர், நிறைய மௌனம். உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் பயின்ற ராஜ்னா சுவாமிநாதன் அய்யரோடும் மற்ற இம்ப்ரவைசேஷன்காரர்களோடும் வாசிக்கிறார். மிருதங்கத்தின் மொழியை முழுக்கக் கைவசம் வைத்துக்கொண்டே, தாள எண்ணிக்கை இல்லாத வெளியில் அதை எப்படிப் பேச வைப்பது என்று தேடுகிறவர். உங்களைப் போன்ற காது உள்ளவர்களுக்கு இவர்கள் நல்ல வாசல்.

எல்லா இரவும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பல இரவுகள் தேறாது. மெதுவாகத் தொடங்கி, கூச்சலில் உச்சம் தொட்டு, மெதுவாக அடங்குகிற அந்த ஒரே வளைவை இந்த இசையும் ஒரு தேய்ந்த வழக்கமாக வைத்திருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்திருக்கிறேன். யாரும் யாரையும் கேட்காமல் நால்வரும் தத்தம் வித்தைகளைக் காட்டிய இரவுகளும் உண்டு. அப்போது அது நீங்கள் சொன்ன பாத்திரக் கடைதான். தோற்றுப்போகிற வாய்ப்பு உண்மையிலேயே இருப்பதால்தான் கூடிவருகிற இரவுகளுக்கு அத்தனை மதிப்பு. பெய்லி 1977-இலிருந்து 1994 வரை ‘கம்பெனி வீக்’ என்று நடத்தினார். ஒருவரை ஒருவர் அறியாத இசைஞர்களை, சில சமயம் நடனக்காரர்களையும், ஒரு வாரம் கூட்டி வைத்து விதவிதமாகச் சேர்த்துப் பிரிப்பார். நன்றாகப் பழகிய குழுவைவிட முதல் சந்திப்பில்தான் உண்மையான கேட்டல் நடக்கிறது என்பது அவர் நம்பிக்கை. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. முப்பது நாற்பது வருஷம் சேர்ந்து வாசித்த பார்க்கர், பாஸ்காரர் பாரி கை, டிரம்ஸ்காரர் பால் லிட்டன் மூவரையும் கேட்டவர்களுக்கு, பழக்கத்துக்குள்ளும் அந்தப் புதுமை பிறக்கும் என்று தெரியும்.

சில நடைமுறை விஷயங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், வரிசை எண் போட்ட இருக்கை கிடையாது. கைகள் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். யார் எந்த ஓசையை எழுப்புகிறார் என்று கண்ணால் பார்ப்பது முதல் முறைக்கு மிகவும் முக்கியம். பியானோ இருந்தால் அதன் மூடியைத் திறந்து உள்ளே கம்பிகளை மீட்டுவதையும் அவற்றுக்கிடையே ரப்பரும் திருகாணியும் செருகுவதையும் பார்க்கலாம். சத்தமான குழு என்றால் காதடைப்பான் எடுத்துப் போங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நடுவில் தலையாட்டலாம், ஆனால் ‘பலே’ வேண்டாம்; இங்கே அது வழக்கமில்லை, சன்னமான இடங்களில் கோப்பையில் ஐஸ் உரசுவதே பெரிய சத்தமாகக் கேட்கும். முடிந்ததும் உடனே கை தட்டிவிடாதீர்கள். கடைசி ஓசை அடங்கி, வாசித்தவரின் தோள் இறங்கும்வரை பொறுங்கள். பத்து நிமிஷத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால், எல்லோரையும் கேட்க முயலாமல் ஒரே ஒருவரை மட்டும் தேர்ந்துகொண்டு அவரையே பின்தொடருங்கள். அவர் எப்போது தொடங்குகிறார், எப்போது நிறுத்துகிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். அவர் வழியாக மற்றவர்கள் தாங்களாகவே வந்து சேர்வார்கள்.

இடைவேளையில் வாசித்தவர்கள் சபையில் கலந்து நிற்பார்கள். தங்கள் இசைத்தட்டுகளைத் தாங்களே விற்பதும் உண்டு. கூச்சப்படாமல் போய்ப் பேசுங்கள். மெட்ராஸில் கச்சேரி கேட்கிறவர் என்று சொன்னால் பலர் உங்களைத்தான் கேள்வி கேட்பார்கள், நான் அனுபவத்தில் கண்டது. வெளியே வந்தால் டால்ஸ்டன் முழுக்கத் துருக்கிச் சாப்பாட்டுக் கடைகள், கரி அடுப்பில் சுட்ட கறியும் ரொட்டியும் நன்றாக இருக்கும். மகளோடு அங்கே உட்கார்ந்து, எந்த இடத்தில் உங்களுக்கு இசை பிடிபட்டது, எந்த இடத்தில் அவளுக்கு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடமாகத்தான் இருக்கும்.

அன்று யார் யார் வாசிக்கிறார்கள், எத்தனை செட் என்று அவளிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். பெயர்கள் தெரிந்தால், எந்தப் பக்கம் உட்காரலாம், போவதற்கு முன் எந்தப் பதிவைக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.